குழாயில் சொன்னதும் ஜன்னலில் சொன்னதும்

தடாகத்தின் கரை உடையப் போகிறது என்பது மந்திப்பாறையில் முதலில் மரியசெல்வத்துக்குத்தான் தெரிந்தது. ஊருக்குச் செய்தி வாசிக்கும் வேலையும் அவனுடையதுதான். இரண்டும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்ததை ஊரின் அதிர்ஷ்டம் என்று வெளியூர்க்காரர் யாராவது நினைக்கலாம். அவருக்கு மந்திப்பாறை வட்டாரச் செய்திகளின் சரித்திரம் தெரியாது.

பூம்பாறைக்கும் கிளாவரைக்கும் நடுவில், பூண்டு வயல்கள் படிப்படியாக இறங்கும் ஒரு சரிவில் இருந்தது அந்த ஊர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் சர்க்கார் கொடுத்த பஞ்சாயத்து ரேடியோ அங்கே வந்தது. பூம்பாறை வரை லாரியிலும் அப்புறம் மட்டக்குதிரையின் முதுகிலும் வந்ததில் அதற்கு நிரந்தரமாக ஒரு இருமல் வந்துவிட்டது. பஞ்சாயத்து ஆபீஸ் கூரைக்கு மேலே தைலமரக் கம்பம் நட்டு ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டினார்கள். குழாயின் வாய் பள்ளத்தாக்கைப் பார்த்திருந்தது. எதிர் மலையில் விறகு பொறுக்குகிறவன் காதிலும் டில்லிச் செய்தி விழுந்தது.

பிரசிடெண்ட் சேனாதிபதி குழாய்க்கு அடியில் நாற்காலி போட்டு ஒரு வாரம் கேட்டார். எட்டாம் நாள் காலையில் அவர் முகம் வாடியிருந்தது. ஏழு நாள் செய்தியிலும் அவர் பேர் ஒரு தடவைகூட வரவில்லை.

“ரேடியோவக் கொண்டாந்தது யாரு? நானு. கம்பம் நட்டது யாரு? நானு. பேரு மட்டும் எவன் எவனுதோ வருது” என்றார் குமாஸ்தா மரியசெல்வத்திடம். “டில்லிக்காரன் டில்லிச் சேதிய வாசிக்கட்டும். நம்ம ஊருச் சேதிய நம்ம வாசிப்போம்.”

வத்தலக்குண்டில் கல்யாணங்களுக்கு மைக் செட் கட்டுகிறவரிடமிருந்து ஒரு பழைய மைக் வந்தது. தினமும் மாலை ஏழே கால் மணிக்கு, ரேடியோச் செய்தி முடிந்த கையோடு, ‘மந்திப்பாறை வட்டாரச் செய்திகள், வாசிப்பவர் மரியசெல்வம்’ என்று குழாய் முழங்கத் தொடங்கியது. கோடைக்கானலில் மிஷன் பள்ளியில் படித்தபோது கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதனாக மேசைமேல் நின்று நற்செய்தி அறிவித்த குரல் அது. அன்றைக்கு மேசை ஆடியது, குரல் ஆடவில்லை. அந்தக் குரலுக்காகவே பிரசிடெண்ட் அவனுக்கு வேலை கொடுத்திருந்தார் என்றும் ஊரில் சொல்வார்கள்.

முதல் நாள் செய்தியில் பிரசிடெண்ட் குழாயைத் திறந்துவைத்தார். இரண்டாம் நாள் பிரசிடெண்ட் பூம்பாறைக்குச் சென்றார். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். நான்காம் நாள் அவர் வீட்டுப் பசு கன்று போட்டது. தாயும் சேயும் நலம், தலைவர் நேரில் சென்று பார்வையிட்டார்.

ஆனால் ஊர் என்று இருந்தால் பசு மட்டுமா கன்று போடும்? ஒரு வருஷம் உருளைக்கிழங்கு முழுக்க அழுகிப்போனது. “அழுகிருச்சுன்னு வாசிச்சா அது என் நிர்வாகத்துக்குக் கேவலமில்லையா?” என்றார் பிரசிடெண்ட். மரியசெல்வம் பேனாவை எடுத்துக் கொஞ்சம் யோசித்தான். ‘உருளைக்கிழங்குச் செடிகள் இவ்வாண்டு ஓய்வெடுக்கின்றன’ என்று குழாயில் வாசித்தான். பிரசிடெண்ட் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். லாரி ஒன்று வளைவில் பள்ளத்தில் இறங்கியபோது, ‘வாகனம் சற்றே விலகி நின்றது, பயணிகள் நடைப்பயிற்சி மேற்கொண்டனர்’ என்று அவனே எழுதி அவனே வாசித்தான். இந்த வாக்கியங்களில் அவனுக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது. பொய்யை எல்லாரும்தான் சொல்கிறார்கள், இலக்கணத்தோடு சொல்ல எத்தனை பேரால் முடியும்?

குழாய் அடங்கியதும் ஆபீஸின் பக்கவாட்டு ஜன்னலில் முகங்கள் வந்து நிற்கும்.

“ஏப்பா செல்வம், குழாய்ல என்னமோ ஓய்வுன்னியே, என்னப்பா அது?”

“எல்லாம் அழுகிப் போச்சு, பெரியப்பா. விதைக்கு ஒண்ணும் எடுத்து வைக்காதீங்க. அம்புட்டும் கெட்டுப்போன கெழங்கு.”

“அப்பிடிச் சொல்லு. உள்ளது இதுதான?”

இப்படியாக மந்திப்பாறையில் இரண்டு செய்தி நிலையங்கள் நடந்தன. குழாயில் வருவது பிரசிடெண்டுக்கு. ஜன்னலில் வருவது ஊருக்கு. பிரசிடெண்டுக்கும் இது தெரியும். “குழாய்ல வந்தாத்தான் சேதி. ஜன்னல்ல வந்தா அது வெறும் பேச்சு. பேச்ச எவன் கேக்கப்போறான்?” என்று விட்டுவிட்டார். சேதி ஒன்றும் இல்லாத நாளில் மரியசெல்வம் ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போவான். ஜன்னல் சாத்தியிருந்தால் ஊரில் எல்லாம் நலம் என்று பொருள். வந்தவர்கள் கதவைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பிப் போவார்கள். எட்டு வருஷம் இந்த ஏற்பாடு ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

அறுபத்திரண்டில் தடாகம் வந்தது. ஊருக்கு மேலே ஓடையை மறித்துக் கரை போட்டு, ‘வளர்ச்சித் தடாகம்’ என்று கல்லில் பேர் வெட்டினார்கள். கல்வெட்டுக்கு நல்ல சிமெண்ட். கரைக்கு வெறும் மண்ணும் உருட்டுக் கல்லும். குத்தகை எடுத்தவர் பிரசிடெண்டின் மச்சினன். கரைக்கு நேர் கீழே பள்ளத்தெரு இருந்தது. புல் வேய்ந்த பதினொரு வீடு. அதில் ஒன்றில் மரியசெல்வத்தின் அக்கா கித்தேரியம்மாள் இருந்தாள். அவள் புருஷன் அடைக்கலராஜ் மட்டக்குதிரை வைத்துப் பூம்பாறைக்குப் பூண்டு மூட்டை ஏற்றுகிறவன்.

தடாகத் திறப்புக்கு மதுரையிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்தபோது, பள்ளத்தெருவும் அதன் ஓட்டைக் கூரைகளும் கண்ணில் பட்டால் வளர்ச்சிக்கு அழகில்லை என்று பிரசிடெண்டுக்குத் தோன்றியது. ‘பள்ளத்தெருப் பக்கம் சிறுத்தை நடமாட்டம், மக்கள் வீடுகளைக் காலி செய்து பள்ளிக்கூடத்தில் தங்கவும்’ என்று முதல் நாள் குழாய் அலறியது. பத்து நிமிஷத்தில் பள்ளத்தெரு முழுக்க ஜன்னலில் நின்றது.

“சிறுத்தையுமில்ல, பூனையுமில்ல” என்றான் மரியசெல்வம். “பெரிய மனுசங்க வாராங்க. உங்க மூஞ்சி அவங்க கண்ணுல படக்கூடாதாம். பேசாம வீட்டுக்குள்ள கெடங்க.”

தெருவே சிரித்தது. அன்றைக்கு மரியசெல்வமும் சேர்ந்துதான் சிரித்தான்.

மறு வருஷம் கார்த்திகையில் எட்டு நாள் மழை விடாமல் அடித்தது. ஒன்பதாம் நாள் காலையில் அவன் கரைப்பக்கம் போனான். கரையின் அடியில் ஒரு வாரமாகவே தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. நேற்றுவரை தெளிந்த தண்ணீர். இன்றைக்குச் செந்தண்ணீர். கையில் ஏந்திப் பார்த்தான். உள்ளங்கையில் மண் தங்கியது. கரை தன்னைத்தானே உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது. உச்சியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு.

பிரசிடெண்ட் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“கரை தாங்காதுங்க. செந்தண்ணியா வருது. பள்ளத்தெருவ இன்னைக்கே மேல ஏத்திரணுங்க.”

“நாளைக்கு யாரு வாராங்கன்னு தெரியும்ல?”

தெரியும். தடாகத்தைப் பார்வையிட்டு, அதைப்போல இன்னும் நாலு ஊரில் கட்டலாமா என்று எழுத ஓர் அதிகாரி வருகிறார். அந்த நாலுக்கும் குத்தகைக்காரர் இப்போதே வீட்டுக்குள் இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“கசிவுன்னு சொல்லாத. ஊத்துன்னு சொல்லு” என்றார் பிரசிடெண்ட். “தடாகத்தில் புதிய ஊற்று கண்டுபிடிப்பு. நல்லா இருக்கில்ல? சாயங்காலம் வாசிச்சிரு.”

“ஆள் சாவாங்கய்யா.”

“ஏலே, எட்டு நாளா நிக்கிற கரை இன்னும் ஒரு நாளு நிக்காதாக்கும்? போ, சோலியப் பாரு.”

மரியசெல்வம் அப்போதே பள்ளத்தெருவுக்கு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அவன் வேலை போய்விடும் என்பது ஒரு பாதி. மறு பாதி, சாயங்காலம் ஜன்னல் இருக்கிறதே என்கிற நினைப்பு. குழாயில் ஊற்று என்று வாசித்துவிட்டு ஜன்னலில் கரை என்று சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் தீர்ந்தது. எட்டு வருஷமாக அவன் தைரியத்துக்குத் தேவையே வராமல் பார்த்துக்கொண்டது அந்த ஜன்னல்தான். பகல் முழுக்க ரசீதுகளை அடுக்கிக்கொண்டு ஏழே கால் மணிக்காகக் காத்திருந்தான்.

ஏழு மணிக்குப் பிரசிடெண்ட் வந்தார். வழக்கமாகக் குழாய்க்கு அடியில் உட்காருகிறவர் அன்று ஆபீஸுக்குள் வந்தார். ஜன்னலைச் சாத்திக் கொண்டி போட்டார். நாற்காலியை இழுத்து ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்தாற்போலப் போட்டு, சால்வையை நன்றாகப் போர்த்திக்கொண்டு அமர்ந்தார்.

“குளிருது” என்றார்.

மரியசெல்வம் சாத்திய ஜன்னலைப் பார்த்தான். முன்னால் மைக் இருந்தது. கையில் ஊற்று எழுதிய தாள் இருந்தது. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மைக்கில் உள்ளதைச் சொன்னான்.

“மந்திப்பாறை வட்டாரச் செய்திகள். வளர்ச்சித் தடாகத்தின் கரை உடையும் நிலையில் உள்ளது. பள்ளத்தெரு மக்கள் உடனே வீடுகளை விட்டு மேட்டுக்கு வரவும்.” இலக்கணம் அங்கே அறுந்துபோனது. “அக்கா, பிள்ளைகளத் தூக்கிட்டு வெரசா மேல வா! எல்லாரும் வாங்க! கரை போகப்போகுது! சத்தியமாச் சொல்றேன்!”

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். பிரசிடெண்ட் ஓடிவந்து வயரைப் பிடுங்குவார் என்று நினைத்தான். பிரசிடெண்ட் எழுந்திருக்கவே இல்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

“வாசி, வாசி” என்றார். “குழாய்லதான வாசிச்ச? எவன் நம்பப்போறான்? நான் ஜன்னலப் பாத்துக்கிர்றேன்.”

வெளியே சேற்றில் காலடிகள் வந்தன. இரண்டு மூன்று பேர். “சாத்திக் கெடக்குப்பா” என்று ஒரு குரல். “அப்ப ஒண்ணுமில்ல. வாங்க போவோம், நனையாதீங்க.” காலடிகள் திரும்பிப் போயின.

மரியசெல்வம் மைக்கைப் போட்டுவிட்டு இருட்டு மழையில் இறங்கி ஓடினான். இரண்டு தடவை வழுக்கி விழுந்தான். அவன் பள்ளத்தெருவைச் சேர்ந்தபோது முதல் வீட்டு அன்னக்கொடி வாசலில் நின்று கைகொட்டினாள்.

“வாங்கடி, சிறுத்த வந்திருச்சு! குழாய்ல கத்துனது பத்தாதுன்னு நேர்லயே வந்திருச்சு!”

“மதினி, விளையாட்டில்ல. கரை உடையப்போகுது.”

“நாளைக்கு யாரும் பெரிய மனுசங்க வாராங்களா?”

“வாராங்க. ஆனா…”

தெரு முழுக்கச் சிரித்தது. “பெறகென்ன! போன வருசம் சிறுத்த, இந்த வருசம் கரை. அடுத்த வருசம் பூகம்பம் வருமா தம்பி?”

அவன் சத்தியம் செய்தான். வேளாங்கண்ணி மாதாவின் மேல் செய்தான். அன்னக்கொடிக்காகப் பழனி முருகன் மேலும் செய்தான். இரண்டு சாமியையும் ஒரே மூச்சில் இழுத்ததால் அவர்களுக்குச் சந்தேகம் இன்னும் உறுதியானது. கித்தேரியம்மாள் அவனை உள்ளே இழுத்துத் தலையைத் துவட்டினாள்.

“நெசமா இருந்தா ஜன்னல்ல சொல்லியிருப்பியே தம்பி?”

“அவரு சாத்திட்டாருக்கா.”

“அப்ப அவருதான ஒன்னைய இங்க அனுப்பியிருக்காரு? நீ என்ன செய்வ, பாவம், வேலைக்காரன். இந்தா, காப்பியக் குடி.”

அவன் அழுதான். அவன் அழுததைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு மகள்களையும் எழுப்பிக் கம்பளி போர்த்தினாள். “உன் திருப்திக்கு இதுகளக் கூட்டிட்டுப் போ. சினைக்குதிரை கெடக்கு. இந்த வழுக்கல்ல அத இருட்டுல ஏத்த முடியாது. விட்டுட்டு வந்து அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பூம்பாறைக்கு மூட்டை ஏத்திப் போயிருக்கிற உங்க மச்சான் திரும்பி வந்து என்னைய உசுரோட விட மாட்டாரு. வெள்ளனே நான் அதப் பிடிச்சுக்கிட்டு வாரேன்.”

கையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறினாள். “போடா. பிள்ளைக நனையுது.”

பதினொரு வீட்டிலும் அவனோடு மேடேறியது அந்த இரண்டு சிறுமிகளும் கடைசி வீட்டுக் கிழவர் ராமரும் மட்டும்தான். ராமருக்கு முப்பது வருஷமாகக் காது கேட்காது. மந்திப்பாறை வட்டாரச் செய்திகளை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அதனால் மரியசெல்வத்தின் முகத்தை மட்டும் பார்த்தார். பார்த்தவுடனே தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

விடியும் நேரத்தில் கரை போனது. பெரிய சத்தம்கூட இல்லை. மூட்டை ஒன்றைத் தரையில் போட்டதுபோல ஒன்று, அப்புறம் தண்ணீர். சத்தம் கேட்டு ஓடியவர்கள் பிழைத்தார்கள். ஒன்பது பேர் ஓட முடியவில்லை. கித்தேரியம்மாளைக் கீழ்ப்பாத்தி ஒன்றில் எடுத்தார்கள். கையில் குதிரையின் கயிறு இருந்தது. சொன்னபடி வெள்ளனே அவிழ்த்திருக்கிறாள்.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். மந்திப்பாறையின் வரலாற்றில் சொன்ன நேரத்துக்கு வந்த முதல் அதிகாரி அவர். ஒன்பது உடல்களையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “முன்கூட்டியே யாருக்கும் தெரியலையா?” என்று கேட்டார்.

பிரசிடெண்ட் துண்டால் கண்ணைத் துடைத்தார். துண்டு ஏற்கெனவே நனைந்திருந்தது.

“தெரியாம என்னங்கய்யா? நேத்து ஏழே கால் மணிக்கே நம்ம குழாய்ல எச்சரிச்சாச்சு. ‘உடனே மேட்டுக்கு வரவும்’னு. ஊரே சாட்சி. கேளுங்க. வரமாட்டேன்னுட்டாங்க. படிக்காத சனம்.”

அதிகாரி ஊரைக் கேட்டார். ஊர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. ஆமாம், குழாயில் சொன்னது உண்மைதான் என்று ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். அதிகாரி குறிப்பேட்டைத் திறந்தார். இவ்வளவு எட்டாத மலையில் இப்படி ஓர் எச்சரிக்கை ஏற்பாடா என்று அவர் நெகிழ்ந்துபோனார். மற்ற கிராமங்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்றும், மந்திப்பாறைக்கு இன்னொரு குழாய் கொடுக்கலாம் என்றும் எழுதினார். கரையைப் பற்றி எழுத அந்தப் பக்கத்தில் இடம் இல்லை. போகும்போது மரியசெல்வத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“குட் ஒர்க். உங்க கடமைய நீங்க செஞ்சுட்டீங்க.”

மரியசெல்வம் அந்தக் கையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் தொடையில் துடைத்தான்.

சாயங்காலம் பிரசிடெண்ட் எழுதிக் கொடுத்த தாள் மேசையில் இருந்தது. அதிகாரியின் பாராட்டு, புதிய குழாய், தலைவரின் ஆழ்ந்த வருத்தம் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. மரியசெல்வம் அதைப் பார்த்தான். பிறகு அதைத் தொடாமல், மைக்கில் ஒன்பது பேர்களை வாசித்தான். அன்னக்கொடி. அவள் மாமியார். ஏழாம் வீட்டில் நாலு பேர், சின்னப்பிள்ளை உட்பட. மூன்றாம் வீட்டில் இரண்டு பேர். ஒவ்வொரு பேராக. கடைசியில், அடைக்கலராஜ் மனைவி கித்தேரியம்மாள். பிரசிடெண்ட் தடுக்கவில்லை. இனிமேல் அந்தக் குழாயில் எதை வாசித்தாலும் அவருக்கு நஷ்டம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு ஜன்னலையும் சாத்தவில்லை.

குழாயின் குரல் பள்ளத்தாக்கைத் தாண்டிப் பூம்பாறைப் பாதைக்குப் போனது. பாதை மேட்டுப்பக்கமாக வந்து ஆபீஸ் வாசலில்தான் ஊருக்குள் நுழையும். மூடுபனி. பள்ளத்தெரு இருந்த இடத்தை அங்கிருந்து பார்க்க முடியாது. குதிரைகளின் மணிச்சத்தம் நெருங்கி வந்து நின்றது. அடைக்கலராஜ் நேராக ஜன்னலுக்கு வந்தான். நனைந்த தலைப்பாகையை அவிழ்த்துப் பிழிந்துகொண்டே சிரித்தான்.

“ஏ மாப்ள! என்ன மாப்ள இது? மேல வளைவுல வாரேன், குழாய்ல எம் பொண்டாட்டி பேர வாசிக்கிற! ஒரு நிமிசம் எனக்கு ஈரக்கொலை ஆடிப்போச்சு. பெறகுதான், அட, குழாய்லதான சொல்றான்னு மனசத் தேத்திக்கிட்டேன். யாரு வாராங்க நாளைக்கு? மந்திரியா?”

மரியசெல்வம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“சரி சரி, அவரு உள்ள இருக்காரா? மெதுவாச் சொல்லு.” அடைக்கலராஜ் முகத்தைக் கம்பிக்கு அருகில் கொண்டுவந்து காதைக் கொடுத்தான். “உள்ளதச் சொல்லு மாப்ள.”

மரியசெல்வம் சொன்னான். கம்பிக்கு அந்தப் பக்கம் அந்த முகம் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்தபடியே இருந்தது.